நுவரெலியா ஈரலிப்பில் ஒரு மூச்சுப் பயிற்சிக் கருவி

நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, எனக்கும் ஈரல் மாத்த நாள் குடுத்துட்டாங்க. நீங்க வாயில வச்சு இழுக்கிற அந்தச் சாமான் இப்ப விலை குறைஞ்சிருக்காமே, வாங்கவா?" ஈரல் மாற்றிக்கொண்ட நானோ, அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியின் வால்வுக்காகக் கடை கடையாக அலைந்து திரும்பிய சூட்டில் இருக்கிறேன். அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவி உங்களுக்குத் தெரியும். மெதுவாக, ஆழமாக இழுத்தால் பந்து எழும்; நுரையீரலின் அடிப்பகுதி விரியும். ஆனால் தசைக்குச் சுமை என்று பெரிதாக எதுவும் அதில் இல்லை. நான் பாவிக்கும் கருவிக்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. நாம் வைத்த அளவைத் தாண்டி இழுத்தால்தான் அது திறக்கும். அதுவரை காற்றே வராது; மூச்சை இழுக்கும் தசைக்கு அதுதான் சுமை. வெளியே விடும்போது தடை கிடையாது. என்னுடையதில் அந்தச் சுமையை 9 முதல் 41 சென்டிமீற்றர் நீரழுத்தம் (இழுக்கும் அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை திருகி வைக்கலாம். பிசியோதெரபிஸ்ட் என்னால் எவ்வளவு பலமாக இழுக்க முடிகிறது என்று அளந்து, அதில் 30 சதவீதத்தில் தொடங்கி வைத்தார். அழுத்த வித்தியாசத்தை மட்டும் நம்பி வேலை செய்யும் ஸ்பிரிங் என்பதால், கொழும்பில் வைத்த அளவு மலைக்கு வந்தாலும் மாறாது.

மாறுவது நம் உடம்புக்குக் கிடைக்கும் காற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடற்கரையோடு பார்த்தால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஈரல் சுருங்கிய காலத்திலேயே உடம்புச் சதை கரைந்துவிடுகிறது. வயிற்றில் சேரும் நீர், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. பிறகு விலா எலும்புக்குக் கீழே நீளமான வெட்டு, செயற்கைச் சுவாசம். அதன்பின் பிரெட்னிசொலோன், அதுவும் தசையை மெலிய வைக்கும் மருந்து. இவ்வளவையும் சுமந்துகொண்டு வீட்டுப் படிக்கட்டுக்கு வந்து நின்றால் எப்படி இருக்கும்?

எங்கள் வீடு ரோட்டிலிருந்து மேலே. வந்த புதிதில் பாதிப் படியில் நின்று மதிலைப் பிடித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு அக்கா "இப்ப எப்படியிருக்கு தம்பி?" என்று கேட்டால் பதில் சொல்ல மூச்சு இருக்காது, தலையை மட்டும் ஆட்டுவேன். இப்போது ஏறிக்கொண்டே அவரோடு பேசுகிறேன், ஒரு முழு வசனத்தை உடைக்காமல் சொல்லி முடிக்கிறேன். இருமலுக்கும் பலம் வந்திருக்கிறது. முன்பு தொண்டையிலேயே நின்ற சளி இப்போது வெளியே வருகிறது. புது ஈரலும், தினசரி நடையும் செய்த வேலையையும் சேர்த்து இந்தக் கருவிக்கே கொடுத்துவிட மாட்டேன். ஆனாலும் சுமையைக் கூட்டக் கூட்டப் படியில் வந்த வித்தியாசத்தை நான் உணர்ந்தேன்.

இனி என் வயிற்றெரிச்சல். கூட வந்த தாளில், மிதமான சுடுநீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உதறி, காற்றில் காய வைக்கச் சொல்கிறார்கள். கொதிக்க வைக்கக் கூடாதாம். எந்தக் காற்றில்? வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் எங்கள் வீட்டில் ஒரு துவாய்கூட ஒழுங்காகக் காயாது. உடுப்பை அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டுப் புகை வாசத்தோடு எடுத்து உடுத்துகிறோம். நுரையீரலுக்குள் இழுக்கும் சாமானை அப்படிப் போட முடியுமா? வெளிப்பக்கம் பளபளவென்று காய்ந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஸ்பிரிங்குக்குக் கீழே, வால்வு உட்காரும் வட்டத்தில் நீர் கோடாக ஒட்டியிருக்கும். விரல் போகாது, பஞ்சுக் குச்சி போகாது, கழற்றவும் வழியில்லை. ஒருநாள் இழுத்தபோது பூஞ்சை வாசம் அடித்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் மடலின் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

மற்றவர்களுக்கு இது அருவருப்போடு போய்விடும். டக்ரோலிமஸ், மைகோபினோலேட் குடிக்கிற நமக்கு அப்படியில்லை. மாற்றிய ஈரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறோம். அஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சை நம் நுரையீரலில் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளிக்கென்று விற்கும் கருவியில் இதை யோசிக்காமல் எப்படி விட்டார்கள்?

வாங்கிய இடத்தில் கேட்டேன். "வால்வு தனியா வராது சேர், முழுசாத்தான் எடுக்கணும்." ஸ்பிரிங், உறை, வாய்ப்பகுதி எல்லாம் நன்றாக இருக்க, ஒரு சின்ன ரப்பர் துண்டுக்காக முழு விலையையும் திரும்பக் கட்டினேன். தோட்டச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் இதை எப்படித் தாங்கும்? இப்போது இரண்டை வைத்து மாறி மாறிப் பாவிக்கிறேன். கழுவியதை நன்றாக உதறி, மேசை மின்விசிறிக்கு முன்னால் வைத்து, பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிப் பெட்டியில் வைக்கிறேன். கரண்ட் போகும் நாளில் அதுவும் இல்லை.

ஆகவே தம்பி, இந்த மாடலை வாங்காதீர்கள். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வால்வைக் கழற்றிக் கழுவும் வகைகள் இருக்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வரும்வரை பந்துக் கருவியும் நடையும் செய்யுங்கள். உங்கள் பிசியோதெரபிஸ்ட் வேறு சொன்னால் அவர் சொல்வதுதான் முடிவு. சத்திரசிகிச்சைக்கு முன்பே உங்கள் இழுக்கும் பலத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்த வரலாறோ, காது ஜவ்வில் ஓட்டையோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.