கூகுள் போட்டோஸ், லைட்ரூம், டிஜிகாம்: குறிப்புகள் படத்திலா, செயலியிலா?

படம் ஒன்றுக்கு 4 எம்பி என்று வைத்தால் 30,000 படங்களுக்கு 120 ஜிபி. ஒரு டெராபைட் வன்தட்டில் ஒரு மூலைக்குத்தான் வரும். ஆனால் தாத்தாவின் சதாபிஷேகத்தில் எடுத்த அந்த ஒரே குழுப்படத்தைத் தேடினால் அரைநாள் போய்விடும். அதற்குத்தான் அடுக்கும் மென்பொருள்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நாம் எழுதும் பெயரும் குறிச்சொல்லும் திருத்திய தேதியும் படக்கோப்புக்குள் பதிகின்றனவா, மென்பொருளின் தரவுத்தளத்தோடு நின்றுவிடுகின்றனவா? 2016-இல் கூகுள் நிறுத்திய பிக்காஸா என்ற பட மென்பொருளில் முகப்பெயரைப் படத்துக்குள் எழுத ஒரு தெரிவு இருந்தது. அதை இயக்காதவர்களின் பெயர்களெல்லாம் பிக்காஸாவின் சொந்தக் கோப்புகளிலேயே தங்கிவிட்டன.

தேடுவதில் கூகுள் போட்டோஸை அடிக்க ஆளில்லை. குறிச்சொல்லே போடாமல் 'கடற்கரை', 'கேக்' என்று தட்டினால் படம் வந்து நிற்கும். இலவச இடம் 15 ஜிபி. அதில் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பங்குண்டு. இடத்தை மிச்சப்படுத்தும் தெரிவில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் சுருங்கிவிடும்.

வெளியேறும்போதுதான் வலி. நம் தரவை இறக்கித்தரும் கூகுளின் டேக்அவுட் வழியாக எடுத்தால், செயலியில் திருத்திய தேதியும் எழுதிய விளக்கமும் தனித்தனி ஜேசன் (விவரங்களை எழுத்தாக வைக்கும்) கோப்புகளாக வரும், படத்துக்குள் இருக்காது. நீண்ட கோப்புப்பெயர்கள் வெட்டுப்படுவதால் எந்த ஜேசன் எந்தப் படத்துக்கு என்று பொருத்துவதும் தனி வேலை. இன்னொரு பொறி: 'அதுதான் மேலே ஏறிவிட்டதே' என்று கைபேசியில் அந்தச் செயலிக்குள்ளேயே படத்தை அழித்தால், கூகுளின் மேகச் சேமிப்பிலிருந்தும் போய்விடும். குப்பையில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான். கைபேசியில் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள இடம் விடுவிக்கும் தெரிவைப் பயன்படுத்த வேண்டும்.

அடோபியின் லைட்ரூம் கிளாசிக், ரா கோப்பு (கேமரா சுருக்காமல் தரும் மூலப்படம்) எடுப்பவர்களுக்கானது. குடும்பப் படங்களுக்கு மட்டும் சந்தா கட்டுவது வீண். குறிப்புகள், திருத்தங்கள் எல்லாவற்றையும் கேட்டலாக் என்ற ஒரே கோப்பில் வைக்கிறது; படங்கள் அவற்றின் கோப்புறைகளிலேயே இருக்கும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் கோப்புறையை நகர்த்தினால் படங்கள் காணாமல்போனதாகக் காட்டும். நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் லைட்ரூமுக்குள்ளேயே செய்ய வேண்டும். கேட்டலாக் அமைப்பில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் (படத்தோடு குறிப்புகளை வைக்கும் பொதுமுறை) எழுதும் தெரிவை இயக்கினால் குறிச்சொல்லும் நட்சத்திரமும் கோப்போடு வரும். லைட்ரூமுக்குள் படங்களைத் தொகுத்துவைத்த கலெக்‌ஷன்கள் அப்போதும் வராது.

டிஜிகாம் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இடைமுகம் பார்க்க மிரட்டும், முதல் வாரம் எரிச்சலூட்டும். முக அடையாளம் நம் கணினியிலேயே நடப்பதால் படம் எங்கும் வெளியே போகாது. நிறுவியதும் மெட்டாடேட்டா (படம் பற்றிய குறிப்புகள்) அமைப்புக்குப் போய் குறிச்சொல், விளக்கம், முகப்பெயர் மூன்றையும் கோப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: கோப்பு மாறுவதால் காப்புநகல் மென்பொருள் அதே படங்களை மறுபடி நகலெடுக்கும். தரவுத்தளத்தை நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள். வழக்கமாக அது பயன்படுத்தும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள முறைக்கு, ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் கோப்புப் பூட்டு அங்கே சரியாக வேலை செய்யாது, தரவு கெடலாம்.

தமிழில் குறிச்சொல் எழுதுவோருக்கு ஒன்று. படத்துக்குள் குறிப்பு எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும்; புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. 'மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா' என்று எழுதினால் 'கோயில்' முடியும்போதே 61 பைட் ஆகிவிடுகிறது. எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. சொற்களைச் சுருக்கமாக, தனித்தனியாகப் போடுவதே எல்லா மென்பொருளுக்கும் பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி பெரும்பாலும் இருக்காது. கோப்புப்பெயரில் உள்ள எட்டு இலக்கம் வந்த நாள் மட்டுமே. அவற்றைத் தனிக் கோப்புறையில் போட்டுவிடுங்கள், கேமரா படங்களோடு கலந்தால் காலவரிசையே குழம்பும்.

வீட்டில் கணினி இருந்தால் மூலத்தொகுப்புக்கு டிஜிகாம், கைபேசியில் தேட மட்டும் கூகுள் போட்டோஸ் என்பதே எங்கள் தேர்வு. முழுத் தொகுப்பையும் ஒப்படைக்குமுன் 10 ஜேபெக் படங்களில் சோதியுங்கள். குறிச்சொல் போட்டு, பென்டிரைவில் வேறு விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோய், கோப்பின் பண்புகளில் விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். குறிச்சொல் அங்கே தெரியவில்லையென்றால், அமைப்பில் ஏதோ ஒரு டிக் விட்டுப்போயிருக்கிறது.