உறுமிப் பதிவும் 32 டிராக் மிக்ஸிங்கும்: ரைசன் 7 5700எக்ஸ் நீண்டநாள் பயன்பாட்டில்

கோலாலம்பூரில் உறுமி மேளம், பக்திப் பாடல் பதிவு செய்யும் சிறிய ஸ்டூடியோக்களுக்கு 8 கோர், 16 திரெட் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் என்ற இந்த சிபியுவும் (கணினியின் செயலி) 32 ஜிபி ராமும் தாராளம். அப்படியும் சத்தம் உடைந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு கோருக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்களில் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்), முதலாவது வேலையை முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அதனால் அந்த வரிசையின் வேகம் ஒரு கோரின் வேகம்தான். எல்லா டிராக்குகளும் கடைசியில் சேரும் மாஸ்டரில் ஈக்யூ, கம்ப்ரெசர், டேப் எமுலேஷன், 4 மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் லிமிட்டர் என்று அடுக்கினால் மற்ற கோர்கள் சும்மா கிடக்கும், ஸ்பீக்கரில் மட்டும் படபடவென்று வெடிக்கும். டாஸ்க் மேனேஜர் காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பெர்ஃபாமன்ஸ் மீட்டரில் 'ஆர்டி சிபியு' (நிகழ்நேரச் சுமை) வரியைப் பாருங்கள். மாஸ்டரில் இருக்கும் கனமான பிளகின்களைத் தாள பஸ், குரல் பஸ் (ஒரே வகை டிராக்குகளைச் சேர்க்கும் தனி வழிகள்) என்று பிரித்துப் போட்டாலே சுமை பல கோர்களுக்குப் போய்விடும்.

48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் (ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அனுப்பும் இடைத்தேக்கம்) என்றால் 1.3 மில்லி விநாடி தாமதம். 1024 என்றால் 21.3. பதிவுக்கு 64 அல்லது 128, மிக்ஸிங்குக்கு 1024. பாடகருக்கு ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்கிறது என்றால் பஃபரைக் குறைப்பதற்கு முன் மாஸ்டரில் தாமதத்தைக் கூட்டும் லீனியர் ஃபேஸ் ஈக்யூ இருக்கிறதா என்று பாருங்கள். அதை பைபாஸ் செய்வது போதாமல் போகலாம், ஆஃப்லைன் செய்து முழுவதும் இறக்கிவிடுங்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி வெப்பம். மைக்கில் இரைச்சல் ஏறக் கூடாதென்று ஏர்கோனை அடைத்துவிட்டுத்தான் டேக் எடுக்கிறோம். அறை சூடேறினால் சிபியுவும் சூடேறும். 90 டிகிரி எல்லையை நெருங்க நெருங்க 4.6 கிகாஹெர்ட்ஸ் பூஸ்ட் வேகம் இறங்கும். காலையில் தடங்கலில்லாமல் ஓடிய அதே புராஜெக்ட் மதியம் வெடிப்பது இதனால்தான். இந்த சிபியு கூலர் இல்லாமல்தான் வருகிறது. கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் வாங்கும்போதே 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள டவர் கூலரையும் சேர்த்து வாங்குங்கள். பிறகு ஏர்கோனை அடைத்து, உங்களிடம் உள்ள மிகக் கனமான புராஜெக்டை அரை மணி நேரம் லூப்பில் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள்.

வேகமான டிஸ்க்குக்குப் பணம் கொட்ட வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 32 மோனோ டிராக் ஒரே நேரத்தில் எழுதினாலும் விநாடிக்கு 4.6 எம்பிதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் எப்போதாவது ஒரு 'டிக்' கேட்கிறதா? வைஃபை டிரைவர்மீது சந்தேகப்படுங்கள். டிரைவர்கள் ஏற்படுத்தும் தாமதத்தை அளக்கும் லேட்டன்சிமோன் என்ற மென்பொருளை ஓடவிட்டு, வைஃபையை அடைத்து மறுபடி பாருங்கள். அது காட்டும் தாமத அளவு சட்டென்று இறங்கினால், பதிவு நேரத்தில் வைஃபையை அடைத்தே வையுங்கள்.