சிம்பொனிக் குழுவுக்கு மாணவர் ரக வயலின்: சேலத்திலும் ஏற்காட்டிலும் எப்படித் தாங்குகிறது?

தனியாக வாசிக்கும்போது சுருதி லேசாக இறங்கினால் ஒப்பேற்றிவிடலாம். சிம்பொனிக் குழுவில் அது நடக்காது. ஓபோ என்ற ஊதுகருவி 440 ஹெர்ட்ஸில் ‘ஏ’ ஸ்வரத்தைக் கொடுத்ததும் அத்தனை வயலினும் அதில் வந்து நிற்க வேண்டும். விலை குறைந்த மாணவர் ரக வயலின் இதற்குப் போதுமா? மரம் போதும். படுத்துவது தந்தியை முறுக்கும் பிருடையும் வில்லும்தான்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் தாண்டி மேலே போனால் பனிமூட்டத்தில் மரம் உப்பிப் பிருடை இறுகிக்கொள்ளும். வில்லின் முடி நீண்டு தொய்யும். அது தொல்லை, அவ்வளவே. ஆபத்து இறங்கும்போதுதான். கோடையில் சேலத்து வறண்ட காற்று பட்டதும் பிருடை சுருங்கி நழுவும், நாலு தந்தியும் தளரும், தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை சாயும், உள்ளே வெறும் அழுத்தத்தில் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியும் விழுந்துவிடும். மேலே முறுக்கிய வில்லை அப்படியே கொண்டுவந்தால் முடி சுருங்கி வில்லின் தலையை இழுக்கும். விரிசல் விட்டால் வில் போச்சு. கிளம்புமுன் முடியை முழுக்கத் தளர்த்துங்கள், பிருடையை உள்ளே அழுத்தித் திருகுங்கள். கார்பன் ஃபைபர் வில் இந்த ஊருக்கு நல்ல முடிவு. ஆனால் முடி அதிலும் குதிரைவால் முடிதான், தளர்த்தாமல் விடாதீர்கள்.

பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். சிலிக்கா ஜெல் ஏற்காட்டுக்கு மட்டும்; ஏப்ரல் மாதச் சேலத்தில் அதைப் போட்டால் இருக்கிற ஈரமும் போய்விடும்.

திடீரென ‘ஜிர்ர்’ என்று அதிர்ந்தால் விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்கும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. இது பழுதே இல்லை: பலகை பிளப்பதற்குப் பதில் ஒட்டு விடட்டும் என்றுதான் வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) போட்டு ஒட்டுகிறார்கள். சூடான வஜ்ஜிரத்தால் மறுபடி ஒட்டிக் கிளாம்ப் போட்டால் முடிந்தது. ஃபெவிகால் தடவினால் அடுத்தமுறை திறக்கையில் பலகைதான் பிய்யும்.

தந்தியில் பெர்லான் (நைலான் வகை இழை) உட்கருவுள்ள டாமினன்ட் ரகம் போன்றவை ஒலியில் குழைவு. புதிதில் சில நாள் இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கச்சேரிக்கு முதல்நாள் மாற்றாதீர்கள். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும், நிமிர்த்தி வையுங்கள்.

ஒரே வயலினைக் காலையில் கர்நாடக ஸ-ப-ஸ-பவுக்கு இறக்கி, மாலையில் சிம்பொனியின் ஜி-டி-ஏ-ஈ சுருதிக்கு ஏற்றுவது இங்கே வழக்கம். தந்தி சீக்கிரம் போகும், சுருதியும் நிற்காது. இரண்டாவது வயலின் மலிவானதே ஆனாலும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.