டிஎன்எஸ் சர்வர் என்று சொல்லி 14,000 ரூபாய் வாங்கிப் போனார்: அலுவலகம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். ஒன்பது கணினிகள், ஒரு சர்வர். புத்தடி ஏலத்துக்குப் போகும் சரக்குக் கணக்கு முழுவதும் அதில்தான். சர்வரின் முகவரியான 192.168.1.20 என்ற எண் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. 'கணக்கு' என்று தட்டினாலே திறக்கும்படி செய்துதர ஒருவரை அழைத்தோம்.

"தனி டிஎன்எஸ் சர்வர் போட்டுத் தருகிறேன் அண்ணே" என்றார். பெயரைக் கேட்டால் அதற்குரிய முகவரியை எல்லாக் கணினிகளுக்கும் சொல்லும் சர்வர் அது. ரசீதிலும் அப்படியே எழுதினார். ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்து அரை நாளில் முடித்தார். எல்லாக் கணினியிலும் பெயர் திறந்தது, பணத்தைக் கொடுத்தோம்.

துலா மழையில் விழுந்த இடியில் சர்வர் கருகியது. பிரதி எடுத்து வைத்திருந்ததால் கணக்கு தப்பியது. புதிய சர்வருக்கு வேறு முகவரி அமைந்தது. அன்றிலிருந்து 'கணக்கு' எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. ஏல நாள் காலையில் பட்டியல் எடுக்க முடியாமல் ஜீப் வாசலிலேயே நின்றது. அவரை அழைத்தேன். "சர்வரை மாற்றியது நீங்கள்தானே? மறுபடி வர 5,000 ஆகும்" என்றார்.

கட்டப்பனையிலிருந்து என் மைத்துனர் வந்து பார்த்தார். விண்டோஸுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்றொரு சின்னக் கோப்பு இருக்கிறது. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று அந்த ஒரு கணினிக்கு மட்டும் சொல்வது அது. அதைத் திறந்தால், கடைசியில் பழைய முகவரியும் பக்கத்தில் 'கணக்கு' என்ற பெயருமாக ஒரே ஒரு வரி. ஒன்பது கணினிகளிலும் அதே வரி. எங்களுக்குப் போட்டுத் தந்த டிஎன்எஸ் சர்வர் அதுதான்!

ஹோஸ்ட்ஸில் எழுதுவது தப்பில்லை. இரண்டு கணினி உள்ள கடைக்கு அதுவே போதும். இல்லாத சர்வருக்குக் காசு வாங்கியதைத்தான் நான் மோசடி என்கிறேன். உண்மையில் டிஎன்எஸ் சர்வர் இருந்திருந்தால், அதில் ஒரு வரியைத் திருத்தியதும் ஒன்பது கணினிகளுக்கும் புது முகவரி கிடைத்திருக்கும்.

பணம் கொடுக்குமுன் அவரை வைத்துக்கொண்டே சோதியுங்கள். கட்டளைத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) 'என்எஸ்லுக்அப்' (nslookup) என்று தட்டி, இடம் விட்டு உங்கள் சர்வருக்கு வைத்த பெயரைக் கொடுங்கள். பிங், அதாவது அந்தக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை, செய்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிங் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்கும். என்எஸ்லுக்அப் அதைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். எங்கள் கணினியில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது.

இன்னொன்று. இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரைப் போட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் அலுவலகப் பெயர் அந்தச் சர்வருக்குத் தெரியாது. கணினி சில நேரம் அதைக் கேட்கும். அப்போதெல்லாம் பெயர் திறக்காது.

இப்போது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. சர்வருக்கும் நிலையான முகவரி ஒதுக்கியாயிற்று. ரசீதைப் படமெடுத்து அவருக்கு இரண்டு முறை அனுப்பிவிட்டேன். பதில் இல்லை.