பம்பரத்தில் இரண்டு ப இருக்கிறது: எட்டு வாரம் போன உச்சரிப்பு வகுப்பு

பன்னிரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்து போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன், அதில் பேச்சுப் பகுதியில் பி கிரேடு வாங்கியாக வேண்டும். இலக்கணம் எனக்குச் சிக்கல் இல்லை, பயமும் இல்லை. ஆனால் போனில் நடந்த ஒரு மாதிரித் தேர்வில், யூரின் பேக்கை மாற்றப் போகிறேன் என்று நோயாளியாக நடித்தவரிடம் சொன்னேன். என் முதுகுக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். மறுபடி சொன்னேன், மறுபடியும் முதுகு. மூன்றாவது தடவை நானே வேறு வார்த்தை தேடிப் போனேன். அன்றைக்குத்தான் இதற்கென்று தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

மதுரையில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்பு இது. பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. சனி, ஞாயிறு காலை ஏழு மணி முதல் எட்டரை வரை, எட்டு வாரம், 4,500 ரூபாய். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிடையாது, ஒலி மட்டும்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்.

முதல் வகுப்பில் ஆங்கிலமே பேசவில்லை. "ஏம்மா, பம்பரம்னு சொல்லு" என்றார். சொன்னேன். "இப்ப தொண்டையில விரலை வச்சுக்கிட்டு மெதுவாச் சொல்லு." சொன்னபோதுதான் தெரிந்தது, முதல் ப-வுக்குத் தொண்டை சும்மா இருக்கிறது, ம்-க்கு அடுத்து வரும் ப-வில் அது அதிர்கிறது. ஒரே எழுத்து, இரண்டு ஒலி. கங்கணத்தில் இரண்டு க, தந்தத்தில் இரண்டு த, எல்லாம் அப்படித்தான். ஆக, ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, எந்த இடத்தில் எது வரும் என்பதைத் தமிழ் தானாகவே முடிவு செய்துவிடுவதால் நாம் அதைத் தேர்ந்தெடுத்துப் பழகவில்லை, அவ்வளவுதான். ஆட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் குளிருக்குப் போடும் மேல்சட்டைக்கான சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் கோட். எழுத்தில் ஒன்றாக இருப்பதால் காதிலும் ஒன்றாக விழுகிறது. இத்தனை வருடம் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

அப்புறம் காகிதம். ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேனா, பேப்பர் என்றெல்லாம் சொல்லச் சொன்னார். தமிழ் ப-வில் காகிதம் அசையவே இல்லை. ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் அதே ஒலியைச் சொல்லும்போது கூடவே ஒரு காற்று வெளியேறும், காகிதம் படபடக்கும். அந்தக் காற்று இல்லாமல் நாம் 'பெயின்' என்று வலியைச் சொன்னால், நாம் சரியான ஒலியைத்தான் சொல்லியிருப்போம், ஆனால் அவர்கள் காதுக்கு அது பம்பரத்தின் இரண்டாவது ப மாதிரி கேட்கும். மாத்திரையைச் சொன்னால் ரசீது என்று புரிந்துகொள்வார்கள், இரண்டும் நம் எழுத்தில் பில்தானே. ட, க வரிசைக்கும் இதே கதை.

என் யூரின் பேக் விஷயத்துக்கு வருகிறேன். சொல்லின் கடைசியில் வரும் ஒலியை அழுத்தி அழுத்தித்தான் சரி செய்யவேண்டும் என்று நினைத்திருந்தேன், நிறைய காணொளிகளிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். மேடம் சொன்னது வேறு: கடைசி எழுத்தை விடு, அதற்கு முன்னால் இருக்கும் உயிரொலியைப் பார். தொண்டை அதிரும் ஒலியில் முடியும் சொல்லில் உயிரொலி நீளும், அதிராத ஒலியில் முடிந்தால் சட்டென்று வெட்டுப்படும். பை என்றால் நீட்டு, முதுகு என்றால் வெட்டு. தொப்பிக்கும் வாடகைக் காருக்கும் இதே வித்தியாசம்தான். கூடவே, கடைசியில் ஓர் உ ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பேக்கு என்று முடித்தால் எல்லாம் போச்சு. இந்த ஒரு விஷயத்துக்கே நான் கட்டிய காசு சரியாகிவிட்டது என்று மனதாரச் சொல்வேன்.

பயிற்சி நடக்கும் விதம் இதுதான். மேடம் நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதுகு, பை மாதிரி ஒலியில் கொஞ்சமே வேறுபடும் ஆங்கிலச் சொல் ஜோடியில் ஒன்றைச் சொல்வார். முதல் சொல் என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு விரல் காட்ட வேண்டும். இரண்டு வாரம் இது மட்டும்தான், வாயே திறக்க விடவில்லை. காது பிடிக்காததை வாய் பிடிக்காது என்பது அவர் கட்சி. முதல் நாள் இருபதில் பதினொன்று சரி, அது குருட்டாம்போக்கில் வருவதுதான். மூன்றாவது வாரம் பதினெட்டு வந்தது. அதற்குப் பிறகு நாம் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் விரல் காட்டுவார். நான் நீட்டிச் சொல்லி எதிரே தயங்காமல் இரண்டு விரல் உயர்ந்த அந்தக் காலையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். நாமெல்லாம் ஆங்கில டீயையும் டிக்கெட்டையும் நாக்கை மடித்து ட போட்டுச் சொல்வோம். அவர் காற்று என்று சொல்லும்போது வரும் ற்ற, நாக்கு நுனி மேல் ஈறில் பட்டு அப்படியே ஆங்கிலேயர் சொல்வது போல வந்தது. ஊரில் ரிக்கற் என்று எழுதுவோம் என்றார். மேடம் அவரையே அன்றைக்கு டீச்சராக்கிவிட்டார், அரை மணி நேரம் நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் காற்று, நேற்று என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

குறைகளும் உண்டு. வ பாடத்தை ஒரே காலையில் முடித்துவிட்டார்கள், என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய தேவை. வார்டு, வூண்ட், வீல்சேர் ஒரு வகை, உதட்டைக் குவித்து ஊ என்று தொடங்க வேண்டும், பல் படக்கூடாது. வாமிட், வெயின், வென்டிலேட்டர் இன்னொரு வகை, மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். பல்லும் இதழும் இயைந்தால் வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியமே சொல்கிறது என்று மேடம் சொன்னபோது சிலிர்த்தது, ஆனால் இப்போது நாம் பேசும் வ இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தினமும் பழகினால்தான் பிரியும், அதற்கு ஒரு வகுப்பு போதவே போதாது. ஆறு பேர் என்று சொல்லித் தொடங்கிய குழு நான்காவது வாரம் பதினொன்று ஆனது, விரல் பயிற்சியில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிட்டது. ஜெராக்ஸ் தாள்களில் சில வரிகள் படிக்கவே முடியவில்லை. ஏழரை மணிக்கு மேல் தெருவில் ஸ்கூல் வேன் சத்தம், ஸ்பீக்கரில் போடும் பதிவில் நுணுக்கமான ஒலி எதுவும் காதில் விழாது. இதையெல்லாம் மேடத்திடமே சொன்னேன், கேட்டுக்கொண்டார், ஆனால் குழுவைக் குறைக்கவில்லை.

வீட்டில் பழக நான் செய்வது, போனில் பேசினால் தட்டச்சாகும் வசதியை ஆங்கிலத்தில் வைத்து ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பார்ப்பது. வாக்கியமாகச் சொன்னால் அது முன்பின் பார்த்து ஊகித்துவிடும், நம் தவறு தெரியாது. அப்புறம் யூக்ளிஷ் என்று இலவசமாக ஒரு தளம் இருக்கிறது, ஒரு சொல்லைப் போட்டால் யூடியூபில் மனிதர்கள் அதைப் பேசும் இடங்களாகப் பார்த்து ஓட்டிக் காட்டும், பிரிட்டிஷ் பேச்சு மட்டும் வேண்டும் என்றும் பிரிக்கலாம். அது நாம் பேசுவதைக் கேட்காது, காதைப் பழக்க மட்டும்தான்.

சரளமாகப் பேச வேண்டும் என்பவர்கள் இந்த வகுப்புக்குப் போக வேண்டாம், ஏமாற்றமாக இருக்கும். பேச வரும், ஆனால் எதிராளி இரண்டு தடவை கேட்கிறார் என்றால் தாராளமாகப் போகலாம். முன்பு படித்தவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் அடுத்த மாதக் குழுவில் நான் மறுபடி சேர்ந்திருக்கிறேன், வ-வுக்கு இந்தத் தடவை இரண்டு காலை ஒதுக்குவதாக மேடம் சொல்லியிருக்கிறார்.