பாத்திரக்கடைக் கணக்கு: பேரேட்டிலிருந்து டேலி வரை 18 வருட அனுபவம்

காரைக்குடியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பா ஆரம்பித்தது. நான் கல்லாவில் உட்கார்ந்து இருபது வருடம் ஆகப்போகிறது. கணக்கு எழுத எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று தெரிந்த கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். இதில் சொல்லியிருக்கும் எல்லாமே நானோ என் வீட்டாரோ வருடக்கணக்கில் பயன்படுத்தியவைதான்.

எங்கள் வியாபாரத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். செட்டிநாட்டில் ஒரு கல்யாணம் என்றால் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். பித்தளையும் எவர்சில்வருமாக ஒரே வீட்டுக்கு இருநூறு, முந்நூறு உருப்படி போகும். அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரே மாதிரி தூக்குவாளியோ சம்புடமோ மொத்தமாக எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் பேர் வெட்ட வேண்டும். பித்தளை எடைக்கு விலை. தூக்குவாளி எண்ணிக்கைக்கு விலை. பேர் வெட்டுவதற்கு எழுத்துக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. இதற்கெல்லாம் மேலே, வீட்டில் கிடக்கும் பழைய பித்தளையைக் கொண்டுவந்து போட்டு, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு புதிது வாங்குவார்கள். ஒரே பில்லில் இத்தனையும் வரும்.

அப்பா காலத்தில் சாமான் எடுப்பது ஒரு முழு நாள் வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஆச்சிமார் காலையிலேயே கார் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பாய் விரித்துப் போடுவோம். குடத்தைச் சுண்டி ஓசை கேட்பார்கள், அடியைத் தடவிப் பார்ப்பார்கள், பிடிக்காததை ஓரமாகத் தள்ளி வைப்பார்கள். கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து சிட்டையில், அதாவது அன்றாடக் கணக்கு நோட்டில், எழுதிக்கொண்டே வருவார். பணம் கல்யாணம் முடிந்து ஆள் மூலம் வந்து சேரும். கேட்டு யாரும் போனதில்லை.

இப்போது அந்த வீட்டுப் பேத்தி சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பார்க்கிறாள். "அண்ணே, அந்த ரெண்டாவது வரிசையில இருக்கறதைத் திருப்பிக் காட்டுங்க" என்கிறாள். லிஸ்ட் வாட்ஸாப்பில் வருகிறது, பாதி ராத்திரியில் மாறுகிறது. பணம் மட்டும் முன்னாலேயே வந்துவிடுகிறது. சித்தப்பா போனிலிருந்து ஒரு தொகை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு தொகை, பெண்ணே அனுப்பியது ஒரு தொகை. மூன்றும் மூன்று பேரில் வங்கிக்கு வந்து விழும். எந்தத் தொகை எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்று அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால் மறுவாரம் யாருக்கும் தெரியாது. முன்பு கணக்கின் பாரம் கடன் பாக்கியில் இருந்தது, இப்போது முன்பணத்தில் இருக்கிறது. சாஃப்ட்வேர் தேடுகிறவர்கள் இந்த மாற்றத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

எங்கள் கணக்குப்பிள்ளை ஒரு வட்டிக்கடையில் தொழில் கற்றவர். அன்றன்றைக்குச் சிட்டை, அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேடு, மாதக் கடைசியில் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் ஐந்தொகை. ஐந்தொகை ஒரு ரூபாய் இடித்தாலும் விளக்கை அணைக்க விடமாட்டார். அவரிடம் கற்றுக்கொண்டதால்தான் பிறகு எந்த சாஃப்ட்வேரைப் பார்த்தாலும் எனக்குப் பயம் வரவில்லை.

2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது. கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக் காட்ட வேண்டியிருந்ததால் நோட்டுக் கணக்கு திணற ஆரம்பித்தது. அப்போது ஒரு புரோகிராமர் எங்களுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார். விலை குறைவு, எல்லாம் தமிழில், எடையும் எண்ணிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வரும். உண்மையில் அதைப்போல் எங்கள் கடைக்குப் பொருந்திய ஒன்றை நான் பிறகு பார்க்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் அவர் வெளிநாடு போய்விட்டார். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை. உள்ளே இருந்த கணக்கை எக்செலாகக் கூட எடுக்க வழியில்லை. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருந்த வரையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எல்லாவற்றையும் காகிதமாக அடித்து எடுத்தோம். நான்கு நாள் அந்தச் சத்தம் ஓயவில்லை. உங்கள் கணக்கு உங்கள் கைக்குத் திரும்பி வருமா என்பதை, வாங்குவதற்கு முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

2010-இல் டேலி ஈஆர்பி 9 என்ற கணக்கு சாஃப்ட்வேரை வாங்கினோம். டேலியின் பிறப்பே ஒரு வியாபாரக் குடும்பத்தில்தான். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா தன் தொழிலுக்குச் சரியான கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பாரத் கோயங்காவிடம் சொல்ல, மகன் எழுதினார். 1986-இல் கம்பெனி ஆரம்பமானது. அதனால்தானோ என்னவோ, அதன் கட்டுமானம் நம் பேரேட்டு முறைக்கு அந்நியமாகப் படவில்லை. டீலர் வந்து டே புக், லெட்ஜர், டிரயல் பேலன்ஸ் என்று ஒவ்வொன்றாகக் காட்டியபோது கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "இது நம்ம சிட்டை, பேரேடு, ஐந்தொகைதானப்பா" என்றார். அறுபது வயதுக்கு மேல் ஆறு பொத்தான்களைப் படித்துக்கொண்டார். ஒரு அட்டையில் எஃப்5 பற்று, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டினார். மேலே பிள்ளையார் சுழியும் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் மூன்று முறை மாறிவிட்டது, அட்டை இன்னும் இருக்கிறது.

அதற்காக முதல் வருடம் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எடை, எண்ணிக்கை சமாசாரம் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஒரு குடம் 3 கிலோ 100 கிராம் இருக்கும், அடுத்தது 3 கிலோ 250 இருக்கும். ஒரு உருப்படிக்கு இவ்வளவு எடை என்று நிரந்தரமாகக் கட்ட முடியாது. டேலியில் ஒரு சரக்குக்கு இரண்டு அலகு கொடுக்கும் வசதி உண்டு. கிலோவை முதல் அலகாகவும் எண்ணிக்கையை இரண்டாவது அலகாகவும் வைத்துக்கொண்டு, பில் போடும்போது இரண்டையும் உள்ளபடி அடிக்கலாம் என்பது எட்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. அதுவரை ஸ்டாக்கில் குடமே இல்லாதபோது 14 குடம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பழைய பித்தளையில் செய்த தப்பு இன்னும் பெரியது. அதன் மதிப்பைத் தள்ளுபடி மாதிரி பில்லிலேயே கழித்துவிட்டோம். வருடக் கடைசியில் குடோனில் முந்நூறு கிலோவுக்கு மேல் பழைய பித்தளை கிடக்கிறது, கணக்கில் ஒரு கிராம் இல்லை. ஆடிட்டர்தான் பிடித்தார். புதுச் சாமானுக்கு முழு விலைக்கும் பில் போட்டு வரி கட்ட வேண்டும். பழையதைத் தனிக் கொள்முதலாக எழுதி அந்த வாடிக்கையாளர் லெட்ஜரில் வரவு வைக்க வேண்டும். இரண்டும் அங்கே நேர்செய்யப்படும். இதைத்தான் கணக்குப்பிள்ளை நோட்டில் எப்போதும் செய்துகொண்டிருந்தார்.

2023-இல் போட்ட ஒரு பில்லை நகல் எடுத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். வீட்டு விலாசம் இல்லாமல் சரக்கை மட்டும் சொல்கிறேன். பித்தளைக் குடம் 2, எடை 6.350 கிலோ, கிலோ 780 வீதம் 4,953 ரூபாய். எவர்சில்வர் தூக்குவாளி 21, ஒன்று 240 வீதம் 5,040. கரண்டி 12, ஒன்று 65 வீதம் 780. குடத்துக்கும் தூக்குவாளிக்கும் அப்போது 12 சதவீத ஜிஎஸ்டி. கரண்டிக்கு 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆகியிருந்தது. வரியோடு மொத்தம் 12,113. பழைய அண்டா ஒன்று 11.400 கிலோ, கிலோ 430 வீதம் 4,902 கழிவு. முன்பணம் 5,000, அது வேறொருவர் போனிலிருந்து வந்தது. மீதி 2,211 யுபிஐ-யில். இந்த ஒரு தாளில் எங்கள் கடையே இருக்கிறது. யார் எந்த சாஃப்ட்வேரைக் காட்ட வந்தாலும் இதைத்தான் முதலில் நீட்டுகிறேன். "இதை என் கண்முன்னால் அடித்துக் காட்டுங்க தம்பி" என்பேன். கலர் கலராக கிராஃப் காட்டுவதெல்லாம் அப்புறம்.

2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்த அன்று எல்லாக் கடையிலும் இருந்த பதற்றம் எங்களுக்கும் இருந்தது. கையில் சாஃப்ட்வேர் இருந்ததால் இரண்டு மாதத்தில் வழிக்கு வந்துவிட்டோம். உண்மையான பயன் பின்னால்தான் தெரிந்தது. 2020 முதல் ஜிஎஸ்டிஆர் 2பி என்ற பட்டியல் வருகிறது. நமக்குச் சரக்கு கொடுத்தவர் தன் பில்லை ஏற்றினால்தான் நாம் கட்டிய வரி அதில் தெரியும். கும்பகோணத்துப் பித்தளைப் பட்டறையிலிருந்து வந்த ஒரு பில் அதில் இல்லையென்றால் அதில் கட்டிய வரியை நாங்கள் கழித்துக்கொள்ள முடியாது. முன்பு என் மனைவி இரண்டு பட்டியலையும் அச்செடுத்து பென்சிலால் டிக் அடித்துக்கொண்டிருந்தாள். இப்போது சாஃப்ட்வேரே ஒப்பிட்டு இடிப்பதை மட்டும் காட்டுகிறது. ஐந்து கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையை 2021-இலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் அதில்தான் இருக்கிறோம். ஆனால் ஒப்பிடுவதை மட்டும் மாதாமாதம் செய்துவிடுவோம். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பட்டறைக்காரருக்கு ஞாபகம் இருக்காது.

2025 செப்டம்பரில் பாத்திரங்களுக்கு வரி 12-இலிருந்து 5 சதவீதம் ஆனது. 3-ஆம் தேதி அறிவித்து 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நடுவில் பத்தொன்பது நாள் கல்யாண ஆர்டர் எல்லாம் நின்றுவிட்டது. "இருபத்திரண்டு போகட்டும்ணே" என்று எல்லோரும் சொன்னார்கள், நியாயம்தானே. ஒவ்வொரு சரக்குக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்த வரி என்று முன்கூட்டியே பதிந்து வைத்தோம். 22-ஆம் தேதி காலையில் முதல் பில் 5 சதவீதத்தில் சரியாக வந்தது. 15-ஆம் தேதி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வந்தபோது பழைய பில்லின் 12 சதவீதத்திலேயே கிரெடிட் நோட் (திருப்பியதற்கான வரவுச் சீட்டு) போட முடிந்தது. வரி மாறும்போது பழைய பில்லையும் சேர்த்து மாற்றிவிடுகிற சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு நண்பர் வைத்திருந்தார். அவர் ஒரு வாரம் தூங்கவில்லை.

2021-இல் டேலியின் அடுத்த பதிப்பான டேலி பிரைமுக்கு மாறினோம். சந்தா நடப்பில் இருந்ததால் மாற்றத்துக்குத் தனிப்பணம் ஆகவில்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒருவர் பயன்படுத்தும் லைசென்ஸ் அப்போது 18,000 ரூபாயும் வரியும். சந்தாவை விட்டுவிட்டால் பழைய பதிப்பு ஓடும், ஆனால் சட்டம் மாறும்போது வரும் புதுப் பதிப்பு கிடைக்காது. எனவே வருடச் சந்தாவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

எல்லோரும் இதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். என் தங்கை கண்டாங்கிச் சேலைகளை வீட்டிலிருந்தே விற்கிறாள். மாதம் முப்பது, நாற்பது பில். அவளுக்கு போனிலேயே பில் போட்டு அங்கேயே வாட்ஸாப்பில் அனுப்பும் வியாபார் ஆப் போதும், நான்கு வருடமாகத் திருப்தியாக இருக்கிறாள். மச்சான் பழைய வீடுகளுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலையை ஒப்பந்தம் எடுக்கிறவர். தினமும் ஒரு ஊர். அவர் ஜோஹோ புக்ஸ் வைத்திருக்கிறார். அது இணையத்தில் ஓடுவதால் தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு எஸ்டிமேட் அனுப்புகிறார், ஆடிட்டர் தன் ஆபீசிலிருந்தே பார்த்துக்கொள்கிறார். கல்லாவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வரிசையாக பில் போட்டு, சரக்கையும் எடையையும் காக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு மௌஸைத் தொடாமல் கீபோர்டிலேயே ஓடுகிற டேலிதான் வேகம்.

ஆனால் கணக்கு நம் கம்ப்யூட்டரிலேயே இருந்தால் அதைக் காப்பதும் நம் பொறுப்பு. 2015 மழைக்காலத்தில் இடி இறங்கி ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைசி பேக்கப் எட்டு நாள் பழையது. கணக்குப்பிள்ளை மட்டும் பழக்கத்தை விடாமல் சிட்டை எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எட்டு நாளையும் திரும்ப அடித்தோம். அவர் ஓய்வுபெற்ற பிறகு, தினமும் கடை அடைக்கும்முன் இரண்டு பென் டிரைவில் மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை என் சட்டைப்பையில் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் அதைத் தன் லேப்டாப்பில் திறந்து, கணக்கு உண்மையில் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறாள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்வதில்லை.

இப்போது மகளுக்கு வேறொரு யோசனை. வீடியோ காலில் காட்டும் சாமான்களைப் படத்தோடும் இருப்போடும் ஒரு பக்கத்தில் போட்டு, சிங்கப்பூரிலிருந்தே தேர்ந்தெடுக்க வைக்கலாம் என்கிறாள். அதற்கு டேலியோடு சேர்ந்து ஓடும் ஒன்றை அடுத்த வாரம் ஒருவர் காட்ட வருகிறார். டிராயரைத் திறந்து அந்த பில் நகலை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன். தூக்குவாளி அதில் சுலபமாக வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடையில் இருக்கும் குடத்துக்கு என்ன விலை போட்டுக் காட்டப்போகிறார் என்றுதான் இருவரும் காத்திருக்கிறோம்.