சாட்ஸ்வொர்த்தில் குளவிக்கூடு எடுக்க வந்தவரிடம் ஏமாந்த கதை: தயவுசெய்து மருந்து அடிக்க வருபவரின் பி எண் பதிவு அட்டையைக் கேளுங்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ பக்கம் இருப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். செப்டம்பர் பிறந்தால் நம் ஊரில் குளவிகள் கூடு கட்ட ஆரம்பித்துவிடும். புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் வீட்டைக் கழுவித் துடைக்கும்போதுதான் அதெல்லாம் கண்ணில் படும், அந்த நேரம் பார்த்து கேட்டில் துண்டுச்சீட்டு செருகிவிட்டுப் போகும் ஆட்களும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்படி ஒருவர். பெயரைப் போட்டுப் பயனில்லை, சீட்டில் இருந்த கம்பெனிப் பெயரை எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார். அதனால் அவர் எப்படிப் பேசினார், என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

எங்கள் வீடு பழைய கவுன்சில் வீடு, கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடு. முற்றத்தில் சின்னதாக ஒரு அம்மன் கோயில் இருக்கிறது, அத்தை தினமும் காலையும் சாயங்காலமும் அங்கே விளக்கேற்றுவார். அந்தக் கோயிலுக்கு நேர் மேலே, கூரை விளிம்புக்கு அடியில் ஒரு குளவிக்கூடு, உள்ளங்கை அளவு, குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி, அறைகள் எல்லாம் வெளியே தெரியும். கராஜ் சுவரில் வேறு நாலைந்து மண்கூடுகள். மண்கூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, மண்குளவி வீட்டில் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அத்தை அதை உடைக்கவே விட மாட்டார். பயமெல்லாம் விளக்குக்கு மேலே தொங்கியதைப் பற்றித்தான்.

போனில் பேசும்போது கூடு எடுக்க 450 ராண்ட் என்றார். வெள்ளை பக்கி (பிக்கப்) வண்டியில் வந்தார், சட்டையில் ஏதோ ஒரு சின்னம் தைத்திருந்தது, பேச்சு ரொம்ப மரியாதை. அத்தையை 'ஆண்ட்டி, ஆண்ட்டி' என்று கூப்பிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: 'இது ஜெர்மன் குளவி ஆண்ட்டி, வெளிநாட்டுச் சாதி, வெளியே தெரிவது கொஞ்சம்தான், கூரைக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும், கராஜில் இருப்பதும் அதே கூட்டம்தான், ஒரு குழந்தையைக் கொட்டினால் போதும்.' கூரை முழுவதும் மருந்து அடித்தால்தான் தீரும், 3,800 ராண்ட், பாதியை இப்போதே கொடுத்தால் உடனே ஆரம்பிக்கலாம், நாளைக்கு வந்தால் விலை ஏறிவிடும் என்றார். வீட்டில் சின்னப் பேரப்பிள்ளை இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை என்ற சொல்லை எடுத்தார் என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அத்தை 1,900 ராண்டை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை. ஜெர்மன் குளவி என்று ஒன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, அது பொய்யில்லை, ஆனால் அது இருப்பது நாட்டின் தென்மேற்கில், கேப் பக்கம். 1974இல் அங்கேதான் முதலில் கண்டுபிடித்தார்கள். 2008இல் ஐரோப்பியத் தாள்குளவி என்று இன்னொன்றும் அதே மேற்கு கேப்பில் வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் வசிப்பவர்கள் அவற்றைக் கண்டால் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், அது சரி. ஜெர்மன் குளவி பெரும்பாலும் மண்ணுக்கடியில் கூடு கட்டும், எங்கள் கூரையடியில் இருந்தது போலத் திறந்த குடைக்கூடு கட்டாது. எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஊரிலேயே காலங்காலமாக இருக்கும் தாள்குளவி. மரத்தைச் சுரண்டி மென்று எச்சிலில் குழைத்துக் கூடு கட்டும், ஒரு கூட்டில் சில பத்துகள் இருக்கும், தோட்டத்தில் இருக்கும் கம்பளிப்பூச்சி, புழுக்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். கூட்டை ஆட்டினால்தான் கொட்டும், ஆனால் கொட்டினால் தேனீ மாதிரி கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாது, ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். கராஜில் இருந்த மண்குளவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது கூட்டமாக வாழாது, ஒரு பெண் குளவி தனியாக மண் கொண்டுவந்து கட்டி, சிலந்திகளைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும், கூட்டைக் காக்க நம் மேல் பாயாது. மண்ணில் ஓட்டை தெரிந்தால் குஞ்சு பொரித்து வெளியே போய்விட்டது, அது வெறும் கூடு. எங்கள் சுவரில் இருந்தவை எல்லாம் ஓட்டை விழுந்தவை. அவற்றைத்தான் அந்த ஆள் 'ஆபத்தான கூட்டம்' என்று காட்டினார்.

அப்புறம் வேலை செய்த விதம். வெயில் உச்சியில், பதினோரு மணி வாக்கில், பாதிக் குளவிகள் இரை தேடி வெளியே போயிருக்கும் நேரத்தில், கோயிலுக்கு மேலே நின்று அடித்தார். குளவிக்கு மருந்து அடிப்பது இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டுக்குத் திரும்பி அடங்கி இருக்கும்போது. இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம் இது. அடித்த மருந்து இருந்தது லேபிள் இல்லாத இரண்டு லிட்டர் கோல்ட் டிரிங்க் பாட்டிலில், மூடியில் ஓட்டை போட்டு. கையுறை இல்லை, முகமூடி இல்லை. கோயில் மேல், துளசிச் செடி மேல், துணி காயப்போட்ட கம்பி மேல் எல்லாம் தெறித்தது. கூட்டைக் கம்பால் தட்டித் தள்ளிவிட்டு, அது தொங்கிய காம்பை அப்படியே விட்டுவிட்டார். அடுத்து கூரைத் தகட்டில் டிரில் போட்டு உள்ளே 'கேஸ்' செலுத்த வேண்டும் என்று ஏணியைச் சாய்த்தபோது நல்லவேளை என் கொழுந்தன் வேலையிலிருந்து வந்து தடுத்தார். ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன், 2008இல் இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸையே தடை செய்துவிட்டார்கள், பழைய கூரைகள் மட்டும் நம் தலைக்கு மேல் இன்னும் இருக்கின்றன. அதை உடைக்காமல் துளைக்காமல் விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. டிரில் வேண்டாம் என்றதும் சீலிங் மூடியைத் திறந்து ஒரு பொட்டலத்திலிருந்து ஏதோ தூளை உள்ளே வாரி இறைத்துவிட்டு, ஆறு மாத கேரண்டி என்று கையால் எழுதிய ரசீது ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை விளக்கேற்றப் போனார். வெளியே போயிருந்த குளவிகள் திரும்பி வந்து, கூடு இருந்த இடத்தில் அந்தக் காம்பைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. கழுத்தில், காதுக்குப் பின்னால், கையில் என்று கொட்டிவிட்டன. முதலில் வெறும் வலி என்றுதான் சொன்னார், சுண்ணாம்பு தடவினால் போய்விடும் என்றார். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துவிட்டது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், அம்மன் காப்பாற்றினாள். யாருக்காவது கொட்டிய பிறகு முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: 10177 அல்லது கைபேசியில் 112. ஒன்றிரண்டு கொட்டு, அந்த இடம் மட்டும் வீங்குகிறது என்றால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் பெரும்பாலும் போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்தே அந்த ஆளுக்குப் போன் செய்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி 'மீதிப் பணம் எப்போது தருவீர்கள்?' அத்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மருந்தின் பெயரையாவது சொல்லுங்கள், டாக்டர் கேட்கிறார் என்றால், 'அது கம்பெனி ரகசியம்' என்கிறார்! அதன்பிறகு எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். சில வாரத்தில் அதே விளிம்பில் குளவிகள் புதுக்கூடு கட்டின.

மருந்தின் பெயரை ஏன் அவ்வளவு அழுத்திக் கேட்டோம் என்றால், ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில், நலேடி பகுதியில் 2024 அக்டோபரில் ஆறு சின்னக் குழந்தைகள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். டெர்புஃபோஸ் என்ற பயிர்ப் பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. வயலுக்கு மட்டும் அனுமதித்த அந்த விஷம் எலிக்கும் பூச்சிக்கும் என்று தெருவில் லேபிள் இல்லாமல் விற்கப்பட்டு வந்தது. 2025 ஜூனில் அதைத் தடை செய்ய அமைச்சரவை முடிவெடுத்தது. இப்படி ஒன்று நடந்த நாட்டில், பெயர் தெரியாத தூளைக் குழந்தை தூங்கும் அறையின் சீலிங்குக்கு மேல் ஒருவர் வாரி இறைத்துவிட்டுப் போனால் எப்படித் தூங்குவது? குழந்தையை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அப்புறம் நாங்கள் கூப்பிட்ட இன்னொருவர் பதிவு பெற்றவர். கேட்பதற்கு முன்பே அட்டையை எடுத்துக் காட்டினார். இதுதான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது: இந்த நாட்டில் காசு வாங்கிக்கொண்டு வீட்டில் பூச்சிமருந்து அடிக்கிறவர் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி விவசாயத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்கு பி என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும், அட்டையில் அவர் படம், பெயர், எந்த வகை வேலைக்கு அனுமதி, எதுவரை செல்லும் என்று இருக்கும். கம்பெனிக்கு இருக்கிறது என்று சொன்னால் போதாது, உங்கள் வாசலில் நிற்கும் ஆளின் அட்டையைப் பாருங்கள், அவர் பயிற்சியில் இருப்பவர் என்றால் அவருக்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். அதேபோல மருந்து டப்பாவில் எல் என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண்ணும் இந்தச் சட்டத்தின் பெயரும் அச்சாகியிருக்கும், கடையில் வாங்கும் டூம் பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். லேபிள் இல்லாத பாட்டிலை எடுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி.

புதியவர் இருட்டிய பிறகு வந்து, கூட்டுக்கு மட்டும் மருந்து அடித்து, கொஞ்சம் பொறுத்துக் காம்போடு சுரண்டி எடுத்து, அந்த இடத்தைக் கழுவிவிட்டார். சீலிங்கில் குளவி ஒன்றுகூட இல்லை. தூளை முகமூடி போட்டு அதற்கான வேக்குவமில் எடுத்து மூடிக் கொண்டுபோனார், கூட்டுக்கு வாங்கியதைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. தேனீயாக இருந்தால் மருந்தே அடிக்க வேண்டாம், தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள், அவர்கள் உயிரோடு எடுத்துப் போவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நம் ஊர்த் தேனீ குளவியைவிடக் கோபக்காரி, அதைக் கம்பால் தட்டப் போகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

பணத்தை விடப்போவதில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒழுங்காகச் செய்யாத வேலையைச் சரிசெய்து தரச் சொல்லவோ பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கவோ நமக்கு உரிமை தருகிறது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். எங்கள் சிக்கல் அந்தக் கடிதத்தை அனுப்ப விலாசம் இல்லை என்பதுதான். ரசீதில் ஒரு கைபேசி எண் மட்டும். அதனால் யார் வேலைக்கு வந்தாலும் அட்டையோடு வண்டியின் எண் தகட்டையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விலாசம் போட்ட ரசீது வாங்காமல் ஒரு ராண்ட் கூட ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஜெர்மன் குளவி என்று சொல்லி, வெயிலில் பாட்டில் மருந்து அடித்து, சீலிங்கில் தூள் போட்டுவிட்டுப் போயிருந்தால், அதைத் தொடாதீர்கள், பெருக்காதீர்கள், பிள்ளைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். யாருக்காவது வாந்தி, எச்சில் ஒழுகல், கண்மணி சுருங்கல், நடுக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விஷத் தகவல் உதவி எண் 0861 555 777. அந்த ஆளின் வண்டி எண்ணோ விலாசமோ தெரிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ரசீதையும் படங்களையும் சேர்த்து எல்லோருமாகப் போய்ப் புகார் கொடுப்போம்.